நோட்டில் ஏறாத நாணயம்

(2025 கூட்டுறவு வாரத்தையொட்டி, கோவில்பட்டி வட்டார விவசாயிகளும் சிறு உணவுத் தயாரிப்பாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி விவசாய அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நோட்டீஸில் என் பேச்சுக்குக் 'கடன் பெறும் தகுதிகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "முப்பது வருஷமா தகுதி இல்லைன்னு சொல்லித்தான் சம்பளம் வாங்குனீங்க. இப்ப அதையே மைக்குல சொல்லப்போறீங்களாக்கும்." அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ஏழு ஏக்கர் கரிசல். முழுக்க மானாவாரி. புரட்டாசியில் விதைப்புக்குப் பணம் வேண்டுமென்றால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வத்தல் மண்டிக்குப் போவார். மண்டிக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு வேணும்?" பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. மாசி, பங்குனியில் வத்தல் மூட்டை அதே மண்டிக்குப் போகும். அவர் சொன்னதுதான் விலை. வட்டி அந்த விலைக்குள்ளேதான் ஒளிந்திருந்தது என்பது, நான் பட்டப்படிப்பு முடித்து வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்டா. ஆனா அவன் என்னை ஒரு நாளும் உக்காத்தி வைக்கலையே" என்றார்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். 'நாணயமான ஆள்' என்று ஊர் சொல்லிவிட்டால் கைமாத்துக் கிடைக்கும், மளிகைக் கடையில் பற்று வைக்கலாம். மண்டிக்காரர் அப்பாவின் முகத்தில் பார்த்தது அதைத்தான். வங்கி தேடுவதும் அதேதான். ஆனால் வங்கிக்கு முகம் தெரியாது. மூன்று வருடத்துக்கு ஒரு மேலாளர் மாறுகிறார். இன்று உங்களுக்குக் கடன் போடுகிறவர் நாளை ஜெய்ப்பூரில் இருப்பார். அவருக்கு உங்கள் நாணயம் ஏதாவது ஒரு தாளில் தெரிய வேண்டும். நம் ஆட்களிடம் நாணயத்துக்குப் பஞ்சமில்லை. அது தாளில் ஏறவில்லை, அவ்வளவுதான். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

இது கூட்டுறவு வாரம் என்பதால் கொஞ்சம் பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். 1890களில் மதராஸ் மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்று ஒரு கலெக்டர் இருந்தார். வட்டிக்காரனிடம் சிக்கிக் கிடக்கும் விவசாயி மீள என்ன வழி என்று பார்த்து வரும்படி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் எழுதிய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக வந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஒரு ஊர்த் தலைவர் நடத்திய கடன் சங்கங்கள்தான் அவர் மனதில் நின்றன. அந்தச் சங்கத்தில் சொத்து இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். அதில் சேர்ந்த ஊரார் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் வரம்பில்லாத பொறுப்பு. நான் வாங்கிய கடனை நான் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கட்ட வேண்டும். அப்புறம் அவன் என்னை விடுவானா? குடிக்கிறேனா, உழுகிறேனா, பிள்ளையின் பீஸைக் கட்டினேனா என்று அவனே பார்த்துக்கொள்வான். ஊர்வாய்தான் அங்கே தகுதிச் சான்றிதழ். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருடமே திருவள்ளூர் பக்கம் திரூரில் ஒரு சங்கமும் காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இந்தியாவிலேயே முதல் வரிசைச் சங்கங்கள் அவை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1950களின் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, விவசாயி வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய் கடனிலும் கூட்டுறவின் பங்கு மூன்று ரூபாய் அளவுக்குத்தான் இருந்தது. வட்டிக்காரரின் பங்கு எழுபதை ஒட்டி. அரை நூற்றாண்டு ஓடிய பிறகும் அதுதான் நிலைமை. காரணங்கள் பல உண்டு. என் கணிப்பில் பெரிய காரணம் ஒன்று. ஊர்வாய் என்று சொல்கிறோமே, அந்த ஊர் யாருடைய ஊர்? வடக்குத் தெருவின் நாணயத்தை மேலத் தெருக்காரர் எடைபோட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகம் பார்த்துக் கொடுக்கும் கடனில் முகத்தோடு சேர்த்துச் சாதியையும் பார்த்தார்கள். ஆகவே தாள் கேட்கும் வங்கியை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். தாளுக்குத் தெரு தெரியாது. எழுதுகிற கைக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

சரி, தாளுக்கு வருவோம். முதல் தாள் பட்டா.

பயிர்க்கடனுக்கு நீங்கள் கொண்டுவர வேண்டியது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். சங்கத்தில் வாங்குவதானால் உறுப்பினராகிப் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். சிட்டா, நிலம் யார் பெயரில் என்று சொல்லும். அடங்கல், அதில் இப்போது என்ன நிற்கிறது என்று சொல்லும். இதில் முக்கால்வாசிப் பேர் விழுகிற பள்ளம் கூட்டுப்பட்டா. தாத்தா பெயரில் பட்டா இருக்கும். தாத்தா போய் இருபத்தைந்து வருடமாகியிருக்கும். பெரியப்பா மகன் திருப்பூரில், அத்தை மகள் மும்பையில். நிலத்தில் வியர்வை சிந்துகிறவனுக்குத் தாளில் பெயரில்லை. கடன் வேண்டிய ஆவணி மாதத்தில் வாரிசுச் சான்று வாங்கி, பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க முடியாது. இது சித்திரையில் தொடங்க வேண்டிய வேலை. சித்திரையில் நாம் கல்யாண வீட்டில் இருப்போம்.

பெண்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். தகப்பன் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. பட்டாவில் வந்ததா? களையெடுப்பது, பருத்தி எடுப்பது, வத்தல் காயப்போடுவது எல்லாம் நீங்கள். சிட்டாவில் அவர். அதனால் விவசாயி என்ற தகுதி அவருக்கு, ஜாமீன் கையெழுத்து மட்டும் உங்களுக்கு.

குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பதிந்துவிட்டால் 1955 சட்டப்படி ஆளை எழுப்ப முடியாதே என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். துண்டுச்சீட்டில்கூட எழுதிக் கொடுக்க மாட்டார். இவர்களுக்காகத்தான் கூட்டுப் பொறுப்புக் குழு என்ற ஏற்பாடு வந்தது. நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் பட்டா இல்லாமல் கடன் வாங்கலாம். ரைபைசன் சுற்றிச் சுற்றி மறுபடியும் வந்துவிட்டார் பாருங்கள்! இதைக் கேட்டால் சில கிளைகளில் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். விடாதீர்கள்.

கிசான் கடன் அட்டை 1998இல் தொடங்கியது. அதில் தொகை எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. மேலாளர் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கிறார் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் ஒரு கடன் அளவை நிர்ணயிக்கிறது. ஒரு பேச்சுக்கு ஏக்கருக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கருக்கு 75,000. அறுவடைக்குப் பிந்திய செலவு, வீட்டுச் செலவுக்கு அதில் 10 சதவீதம், 7,500. பம்ப்செட், வண்டி, மாடு என்று பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதம், 15,000. ஆகமொத்தம் 97,500. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் தனி. ஐந்து வருட அட்டை என்பதால் வருடத்துக்கு 10 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை நீங்கள் வீட்டிலேயே போட்டுக் கையில் வைத்துக்கொண்டு போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அனுபவத்தில் சொல்கிறேன்.

3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். கெடு தப்பாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4. கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அதை மாநில அரசு ஏற்கிறது. 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. இதே தேசத்தில்தான் பத்து வட்டிக்காரனும் இருக்கிறான். ஒரு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாயிற்று. சட்டம் போட்ட ஊரில் வட்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏன் ஓடுகிறது? அவன் உட்கார்த்தி வைப்பதில்லை. எங்கள் அப்பா சொன்னதுதான்.

நகைக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் சட்டென்று கிடைக்கும் கடன் அதுதான். அவசரத்துக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் தகுதி நகைக்கு, உங்களுக்கு அல்ல. இருபது வருடம் அதே வளையலை வைத்து வைத்து மீட்டவர்களை எனக்குத் தெரியும். வங்கிக்கு வளையலை நன்றாகத் தெரியும். அதைப் போட்டிருந்தவர் என்ன பயிர் போடுகிறார் என்று கடைசிவரை தெரியாது.

இப்போது உணவுத் தொழில். இந்த ஊருக்கு இதைப் பற்றி நான் பாடம் எடுக்கக் கூடாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. சாத்தூர்ச் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, ராமநாதபுரம் முண்டு வத்தல் என்று சுற்றிலும் பெயர்பெற்ற சரக்கு.

நான் ஒருவருக்குக் கடன் மறுத்த கதையைச் சொல்ல வேண்டும். ஊரும் பெயரும் வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் போட்டு விற்ற ஒரு அம்மா. நாற்பது கடைகளுக்குச் சரக்குப் போட்டார். எந்தக் கடையில் எவ்வளவு நிலுவை, யார் பதினைந்து நாளில் கொடுப்பார், யார் தீபாவளி வரை இழுப்பார் என்று விரலை மடக்கி மடக்கி ஒப்பித்தார். அரவை இயந்திரத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்டார். நான் பாஸ்புத்தகத்தைப் புரட்டினேன். இருப்பு மூவாயிரத்துச் சொச்சம். வருடம் முழுக்க ஏழோ எட்டோ வரவு. வாங்கிய காசு அத்தனையும் முந்தானை முடிச்சிலிருந்து நேராகப் பருப்புக் கடைக்குப் போயிருக்கிறது. "வருமானம் காட்ட முடியலையேம்மா" என்றேன். "காட்டத்தானே சார் இவ்வளவு நேரம் சொன்னேன்" என்றார். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சட்டப்படி நான் செய்தது தவறில்லை. ஆனால் அன்றைக்கு இன்னொன்று சொல்லியிருக்கலாம். "ஆறு மாசம் விற்ற காசையெல்லாம் இந்தக் கணக்கில் போட்டு எடுங்கள். நாற்பது கடைக்கும் ஒரு பில் புத்தகம் போடுங்கள். ஆறாம் மாசம் நானே கூப்பிடுகிறேன்" என்று. சொல்லத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. மாதக் கடைசி, வரிசையில் இருபது பேர். பிறகு அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் அந்தப் பொடி கடைகளில் இல்லை. இப்போது நான் மேடை மேடையாகப் பேசுவதற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம்.

இன்று அந்த அம்மா வந்தால் நிலைமை கொஞ்சம் மேல். க்யூஆர் கோடு வந்துவிட்டது. பத்து ரூபாய் விற்பனைகூடக் கணக்கில் ஏறுகிறது. சில பேர் வருமான வரிக்குப் பயந்து, "ரொக்கமா கொடுங்க" என்று அந்த அட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கடன் கேட்க வரும்போது அந்த அட்டைதான் உங்கள் வாய். அதைக் கவிழ்க்காதீர்கள்.

2020 ஜூனில் மத்திய அரசு, உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். நிலம் வாங்கும் செலவு கணக்கில் சேராது. சுயஉதவிக் குழுவில் உணவுத் தயாரிப்பில் இருக்கும் உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 வரை தொடக்க மூலதனமும் உண்டு.

6 லட்சத்தில் ஒரு கடலைமிட்டாய்ப் பட்டறை என்று கணக்குப் பார்ப்போம். உங்கள் கைப்பணம் 60,000. வங்கி 5,40,000. மானியம் 2,10,000. இந்த மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டி, பட்டறையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது கடனில் கழியும். ஆக உண்மையில் உங்கள் கழுத்தில் இருப்பது 3,30,000. 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 7,200. தொழில் செலவும் வீட்டுச் செலவும் போக மாதம் 11,000 மிஞ்சும் என்று நீங்கள் காட்டினால் மேலாளர் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். 7,500 மிஞ்சும் என்று காட்டினால் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். ஒரு மாதம் மழை பெய்து வெல்லப்பாகு உறையாமல் போனால் தவணை நின்றுவிடுமே.

இந்தக் கணக்கைத்தான் திட்ட அறிக்கை என்கிறார்கள். அதை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு டைப் அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஒரு முறை மிட்டாய்ப் பட்டறைக்கு வந்த அறிக்கையில் 'தையல் கூலி' என்று ஒரு வரி இருந்தது. முந்தின ஆளுக்கு அடித்த ஜாக்கெட் கடை அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விண்ணப்பித்தவரிடம் கேட்டால் விழிக்கிறார். கேள்விக்குப் பதில் தெரியாத அறிக்கையைவிட, பென்சிலில் நீங்களே எழுதிய ஒரு பக்கக் கணக்கு மேல். இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்க மாவட்ட அளவில் வளநபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி அரசே கொடுக்கிறது. 'மானியம் வாங்கித் தர்றேன், அதில் பத்து பர்சென்ட்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மானியத்தின் மேல் கண் வைத்து இயந்திரம் வாங்கியவர்கள் படுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். உருளை இயந்திரம் வந்து நிற்கும். அறுவடைக் காலத்தில் கடலை மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப்போடப் பணம் இருக்காது. கடைக்காரர் பதினைந்து நாள் கடன் சொல்வார். வெல்லக்காரர் கைக்குக் கை கேட்பார். நடுவில் புழங்கும் பணம் இல்லாமல் நல்ல சரக்குக்காரனும் மூச்சுத் திணறுவான். விண்ணப்பத்திலேயே இயந்திரத்துக்கு ஒரு தொகை, புழங்குபணத்துக்கு ஒரு தொகை என்று இரண்டும் கேளுங்கள். பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் தண்டல்காரரிடம் போய் நிற்கிறார்கள்.

சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணைச் சொத்துக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. அதற்கு உத்தரவாத நிதியம் இருக்கிறது. "வீட்டுப் பத்திரம் கொண்டுவா" என்று யாராவது கேட்டால், பணிவாக "எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். எழுத மாட்டார்கள். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து பேசலாம். உங்கள் பக்கமும் தாள் சரியாக இருக்கட்டும். உத்யம் பதிவு இலவசம். உணவுப் பாதுகாப்புப் பதிவு சிறு தயாரிப்பாளருக்கு வருடம் நூறு ரூபாய். இந்த நூறு ரூபாய்க்கு யோசித்து ஐந்து லட்சத்தை விட்டவர்கள் உண்டு.

சிபில் என்ற பெயரைக் கேட்டாலே இப்போது எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு 300இலிருந்து 900 வரை ஒரு மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் பெயிலானால் அடுத்த வருடம் எழுதலாம். இதிலும் அப்படித்தான், ஆனால் பெயிலானது நமக்கே தெரிவதில்லை. சொட்டுநீர் போட்டு நாலு ஏக்கரில் காய்கறி செய்கிற ஒரு தம்பிக்குக் கடன் நின்றுபோனது. என்னவென்று பார்த்தால், ஐந்து வருடத்துக்கு முன் தவணையில் வாங்கிய செல்போனில் கடைசித் தவணை ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. அவன் போனையே மறந்துவிட்டான். மச்சினன் டிராக்டருக்கு ஜாமீன் போட்டதும் உங்கள் கணக்கில்தான் நிற்கும். மச்சினன் கட்டாவிட்டால் உங்கள் மதிப்பெண் இறங்கும். நம் ஊரில் கல்யாணப் பந்தியில் வைத்து ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள், மறுக்க முடியாது. கைகழுவப் போகிற சாக்கில் எழுந்துவிடுங்கள். இப்படி மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நான்கு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறோமே, அப்போது அதையும் எடுத்துப் பாருங்கள்.

கடன் தள்ளுபடியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் காதில் சொன்னார். கொஞ்சம் பேசிவிடுகிறேன், அவர் மன்னிக்க வேண்டும். 2006, 2016, 2021 என்று கூட்டுறவுப் பயிர்க்கடன் மூன்று முறை தள்ளுபடியானது. 2021இல் மட்டும் 12,110 கோடி, பதினாறு லட்சம் பேருக்கு மேல். மழை பொய்த்த வருடத்தில் அது உயிர் காத்தது, மறுக்கவே மாட்டேன். ஆனால் தாலியை அடகு வைத்துக் கெடு நாளுக்கு முந்தின நாள் கட்டிய ஒருவர், அறிவிப்பு வந்த மறுநாள் என்னிடம் வந்து, "நான் நாணயமா இருந்தது தப்பா சார்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? 'உங்கள் பெயர் ஏட்டில் நல்லபடியாக இருக்கிறது' என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நேரமாகிவிட்டது, ஏற்பாட்டாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள். சிட்டா, பாஸ்புத்தகம் கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். கொண்டுவராதவர்கள் விற்பனைக் கணக்கை வாயால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் நான் எழுதுவேன்.